போர்டில் எழுதிய வடக்கு

தங்கச்செல்வியிடம் இடது கை எது, வலது கை எது என்று கேட்டால், சோறு தின்கிற கையை மனசுக்குள் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். கிழக்கு எது என்று கேட்டால் யோசிக்கவே மாட்டாள். கண்ணைக் கட்டி, பஸ்ஸில் ஏற்றி, எங்கே இறக்கிவிட்டாலும் சரியாகக் கையை நீட்டுவாள் என்று கல்லூரியில் அவளை வைத்துப் பந்தயமே கட்டியிருக்கிறார்கள்.

அவள் வளர்ந்த வீடு அப்படி. திருச்சுழிக்கும் வீரசோழனுக்கும் நடுவில், ரோட்டைவிட்டு உள்ளே தள்ளிய ஊர். மலையோ கோபுரமோ கண்ணில் படாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கருவேலங்காடு, அதற்கு மேலே வானம். அங்கே ஒருவருக்கு ஒருவர் இடம் சொல்வதற்குச் சூரியனை விட்டால் அடையாளம் கிடையாது. அப்பா சின்னச்சாமி மிளகாய்க்காட்டில் நின்றுகொண்டு மேக்கு வரப்பில் மண்வெட்டி கிடக்கிறது என்பார். அது சரி, காட்டு விவகாரம். வீட்டுக்குள்ளும் அதே கதைதான். செம்பை வடக்கே தள்ளி வை, இலையில் தெற்கு ஓரத்தில் உப்பு வை என்பாள் அம்மா. ஒருநாள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, "தெக்குக் கன்னத்துல மாவு ஒட்டியிருக்கு பாரு" என்றாள். செல்வி துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் வேறு பக்கம் பார்த்து நின்றிருந்தால் அதே மாவு வடக்குக் கன்னத்தில் இருந்திருக்கும் என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

குழப்பம் வெளியேதான் வந்தது. சுதந்திர தின அணிவகுப்பில் லெஃப்ட், ரைட் என்று பி.டி. மாஸ்டர் கத்தும்போது செல்வியின் கால் மட்டும் ஒரு நொடி பிந்தி விழும். அவர் இரண்டு வருஷம் பார்த்துவிட்டு அவளைக் கொடி பிடிக்கிற வேலைக்கு மாற்றினார்.

பிளஸ் டூ முடித்ததும் அருப்புக்கோட்டைப் பக்கத்தில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் மின்னணுப் பிரிவு கிடைத்தது. டிவி ரிப்பேர் படிப்பா தாயி என்று அப்பா கேட்டார். அந்த மாதிரிதான் என்று சொல்லிவைத்தாள். முதல் வருஷம் லேபில் பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "அந்த ரெசிஸ்டரோட கெழக்குக் கால எடுத்து மேக்க குத்து" என்று அவள் சொன்னபோது மேஜை மேஜையாகச் சிரிப்பு பரவியது. கடைசி மேஜையில் இருந்த ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து எட்டிப் பார்த்தான்.

"இதுல என்னலே சிரிப்பு? அந்தக் காலு கெழக்கதான இருக்கு?"

அவன்தான் முனீஸ்வரன். செல்வி ஏறுகிற பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தில் ஏறுகிறவன். அவன் வீட்டிலும் செம்பை வடக்கேதான் தள்ளி வைப்பார்கள்.

மூன்றாவதாக வந்து சேர்ந்தவன் காசிராஜன். பாளையம்பட்டியில் அவனுடைய அப்பாவுக்கு இரும்புக்கடை. போல்ட்டும் நட்டும் குவிந்த மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்தவனாதலால் கை நிதானமானது, வாய் அப்படியில்லை. "நான் பாளையம்பட்டிக்காரன்லே. எனக்கு பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம்னு தெரியும், அம்புட்டுத்தான்" என்று முதலில் முறுக்கிக்கொண்டான். ஒரு மாதத்தில் அவனும் தெற்கே தள்ளு, வடக்கே இழு என்று பேச ஆரம்பித்துவிட்டான்.

அதில் ஒரு வசதி இருந்தது. புதிதாக ஒரு மின்சுற்றைக் கட்டிப் பார்க்கும்போது எல்லாரும் துளை துளையாக இருக்கும் ஒரு வெள்ளைப் பலகையில்தான் கம்பிகளைக் குத்திப் பார்ப்பார்கள். போர்டு என்பார்கள் அதை. அதன் இரண்டு நீள ஓரங்களிலும் ஒவ்வொரு வரிசை: ஒன்றில் பிளஸ் ஓடும், மற்றதில் மைனஸ். இவர்கள் மூவரும் மேஜையைச் சுற்றி மூன்று பக்கமும் உட்கார்ந்து ஒரே போர்டில் வேலை செய்வார்கள். ஒருவருக்கு இடது மற்றவருக்கு வலது. ஆனால் வடக்கு எல்லாருக்கும் ஒன்றுதான். வடக்கு வரிசை பிளஸ், தெற்கு வரிசை மைனஸ் என்று ஒருமுறை பேசிவிட்டால் தலையை நிமிர்த்தாமல் மூன்று ஜோடிக் கைகளும் ஓடும். துறைத்தலைவர் கோகிலாம்பாள் மேடம் ஒருநாள் பின்னால் நின்று கேட்டுவிட்டு, "என்னப்பா, இங்க காடு அளக்குறீங்களா?" என்றார்.

இரண்டாம் வருஷம் லேபுக்கு வெள்ளையடித்தபோது மேஜைகளைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். பாதி கட்டியிருந்த போர்டும் மேஜையோடு திரும்பியிருந்தது. வடக்கு வரிசையில் பிளஸ் கொடுத்தார்கள், ஒரு ஐசி புகைந்து செத்தது. பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்தால் அந்தக் கறுப்புச் சில்லு ஒரு மூச்சுக்குத் தாங்காது. காசி தலையில் அடித்துக்கொண்டான். முனீஸ் சட்டைப்பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து, போர்டின் ஓரத்தில் 'வ' என்று ஓர் எழுத்து எழுதினான்.

"இனி வடக்கு பூமியில இல்லலே. போர்டுல இருக்கு. போர்ட எங்க திருப்புனாலும் இதுதான் வடக்கு."

அன்றிலிருந்து எந்தப் போர்டை எடுத்தாலும் முதல் வேலை அதுதான். அது முனீஸின் வேலை. அவன் அந்த 'வ'வைப் போடுகிற வரை மற்ற இருவரும் கம்பியைத் தொட மாட்டார்கள்.

ஒவ்வொரு வருஷமும் மதுரையில் ஒரு கல்லூரி மின்னணு வடிவமைப்புப் போட்டி நடத்துகிறது. காலையில் ஒரு பெட்டி கொடுப்பார்கள். எல்லா அணிக்கும் ஒரே சாமான்கள். செய்ய வேண்டியதை அப்போதுதான் சொல்வார்கள். சாயந்திரம் பெல் அடிக்கும். பெல் அடித்ததும் கையை எடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் எது ஓடிக்கொண்டிருக்கிறதோ அதற்குத்தான் மார்க். எரிந்த சாமானுக்கு மாற்றுச் சாமான் கிடையாது.

மூவரும் மூன்றாம் வருஷத்தில் முதல்முறை போனார்கள். இவர்கள் செய்தது நன்றாகவே ஓடியது. அதை இன்னும் நன்றாக ஓட வைக்கிறேன் என்று முனீஸ் கடைசி நேரத்தில் ஒரு கம்பியைப் பிடுங்கினான். திருப்பிச் சொருகுவதற்குள் பெல் அடித்துவிட்டது. நடுவர்கள் வந்து செத்துக் கிடந்த போர்டைப் பார்த்து, பேப்பரில் ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் காரியாபட்டி தாண்டும்வரை முனீஸ் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தான். அப்புறம் அவனே சிரித்தான்.

"அடுத்த வருசம் பெல்லு அடிக்கும்போது நம்ம சாமான் ஓடிக்கிட்டு இருக்கணும்லே. நல்லா ஓடுதோ நொண்டி ஓடுதோ, ஓடணும்."

அடுத்த வருஷம் அவன் இல்லை. சித்திரையில் வந்த ஒரு காய்ச்சல் அவனை விடவில்லை. அதைப் பற்றிச் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை.

காரியம் முடிந்து செல்வியும் காசியும் கிளம்பும்போது முனீஸின் அம்மா முத்துத்தாய் உள்ளே போய் ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தார். அவன் பையில் கிடந்தது, என்ன சாமான் என்று தெரியவில்லை, உங்கள் காலேஜுடையதாகத்தான் இருக்கும் என்று கொடுத்தார். உள்ளே அந்தப் போர்டு. ஓரத்தில் 'வ' கொஞ்சம் மங்கியிருந்தது. பஸ் வருகிற வரை செல்வி அதை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஆவணியில் மறுபடியும் போட்டி வந்தது. அணிக்கு மூன்று பேர், குறைந்தது இரண்டு பேர் என்பது விதி. கோகிலாம்பாள் மேடம் நல்ல மனசோடு வேறொரு மாணவனின் பெயரைச் சொன்னார். செல்வி இரண்டு பேரே போகிறோம் என்றாள். அங்கே ஆறு மணி நேரத்தில் மூன்று பேர் செய்யவே திணறுகிறார்களே என்று மேடம் கேட்டார். செல்வி தலையைக் குனிந்துகொண்டு, "ஓட வச்சிருவோம் மேடம்" என்று மட்டும் சொன்னாள். மேடம் பாரத்தில் இரண்டு பெயரை மட்டும் எழுதினார்.

போட்டி நாளன்று வெளிச்சாமான் எதுவும் உள்ளே வரக் கூடாது என்று வாசலிலேயே பைகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கூட எடுத்து வந்திருந்த முனீஸின் போர்டும் பைக்குள்ளேயே வாசலில் நின்றுவிட்டது. மாடியில் நீளமான ஹால். மேஜைக்கு மூன்று நாற்காலி. செல்வி உள்ளே நுழைந்ததும் ஜன்னல்களைப் பார்த்தாள்.

"மேக்க பாத்த ஹாலு. சாயந்தரம் வெயிலு உள்ள வரும்" என்றாள்.

"வரட்டும். நமக்கென்ன, வடகமா காயப் போடப் போறோம்?" என்றான் காசி.

அந்த வருஷத்து வேலை கேட்பதற்கு எளிது. பெட்டியில் ஒரு சின்ன மோட்டார், அதன் தண்டில் ஒரு சக்கரம். நடுவர் வந்து கம்பளித் துண்டால் சக்கரத்தை அழுத்துவார். அழுத்தினாலும் வேகம் குறையக் கூடாது, விட்டதும் கூடவும் கூடாது. அதாவது மோட்டார் தன் வேகத்தைத் தானே கவனித்துக்கொண்டு, குறைந்தால் அதிக மின்சாரம் இழுத்துச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

வழி இருவருக்கும் தெரிந்ததுதான். சக்கரத்தில் ஓட்டைகள் இருந்தன. ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒளி விடுகிற விளக்கு, மறுபக்கம் அந்த ஒளியைப் பார்க்கிற கண். ஒவ்வொரு ஓட்டை கடக்கும்போதும் கண் ஒருமுறை இமைக்கும். இமைப்பு வேகமானால் மோட்டார் வேகம், மந்தமானால் மந்தம். அந்த இமைப்பை வோல்ட்டாக மாற்ற இரண்டு ஐசி. அந்த வோல்ட்டை இருக்க வேண்டிய வோல்ட்டோடு ஒப்பிட்டு, கூடவா குறைச்சலா என்று சொல்ல ஓர் ஐசி. பெட்டியில் அந்த ஒப்பிடுகிற ஐசி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

கண் பகுதி காசிக்கு, ஒப்பிடும் பகுதி செல்விக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். கொடுத்திருந்த போர்டு புத்தம் புதிது. பிளஸ், மைனஸ் காட்டும் சிவப்பு நீலக் கோடுகள்கூட இல்லாத வெறும் வெள்ளை. வடக்கு பிளஸ் என்று சொல்லிக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்து ஆரம்பித்தார்கள். வேலை ஓடியது. இரண்டு பேர் மாதிரியே இல்லை. பக்கத்து மேஜையில் நகரத்துக் கல்லூரி ஒன்றின் மூன்று பையன்கள் அவ்வப்போது திரும்பி, இவர்கள் பேசுவதைக் கேட்டுத் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள்.

மதியம் எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள். செல்வி முதலில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனாள். அவள் போயிருந்தபோது காசி, கண்ணுக்குப் போகும் கம்பி எட்டாமல் இருந்ததால், போர்டைத் தலைமாற்றித் திருப்பி வைத்து அதைச் சொருகினான். சொருகிவிட்டு அவனும் கை கழுவப் போனான். செல்வி வந்தாள். அவள் பார்வை பேப்பரில் வரைந்திருந்த படத்தில் இருந்தது. கை தானாகச் சிவப்புக் கம்பியை எடுத்து வடக்கு வரிசையில் குத்தியது. சப்ளையைப் போட்டாள்.

சின்னதாக ஒரு 'டிக்'. அப்புறம் அந்த வாசனை.

அவள் சுவிட்சை அணைத்துவிட்டு ஐசியில் விரலை வைத்தாள். சுட்டது. போர்டின் ஓரத்தைப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. எந்த எழுத்தும் இல்லை. ஒன்றை மறந்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போது படவில்லை. செய்ய வேண்டிய ஆள் வரவில்லை என்றுதான் பட்டது. மூன்றாவது நாற்காலியை ஒருமுறை பார்த்தாள்.

காசி கையை உதறிக்கொண்டே வந்தான். பாதி வழியிலேயே அவன் மூக்குக்கு எட்டிவிட்டது.

"என்ன போச்சு?"

"ஐசி. வடக்குல பிளஸ் குடுத்தேன்."

காசி போர்டைப் பார்த்தான். "நான்தான் திருப்பி வச்சேன்."

"திருப்பி வச்சத நான் பாக்கல."

போன வருஷம் நடுவர் பேப்பரில் கிழித்த கோடு செல்வியின் கண்ணுக்கு முன்னால் வந்தது. பெல் அடிக்கும்போது ஓட வேண்டும். முனீஸ் கேட்டது அது ஒன்றுதான். காசிதான் முதலில் அசைந்தான். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தான்.

"லோடு வர்றப்ப சரக்கு ஒடஞ்சா எங்கப்பா யாரையும் திட்ட மாட்டாரு. மிச்சம் என்ன இருக்குன்னு மட்டுந்தான் கேப்பாரு. பாரு செல்வி, என்ன இருக்கு?"

இமைப்பை வோல்ட்டாக மாற்றும் ஐசிக்கள் இரண்டையும் இன்னும் போர்டில் குத்தவே இல்லை, அவை தப்பித்தன. ரெசிஸ்டர்கள் கிடந்தன. ஒரு கைப்பிடி டிரான்சிஸ்டர்கள், மூன்று கால் வைத்த சின்னச் சின்னக் கறுப்பு மொட்டுகள். செல்வி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேப்பரைத் திருப்பிப் போட்டு வரைந்தாள். இரண்டு டிரான்சிஸ்டர் பக்கம் பக்கமாக, இரண்டின் கீழ்க்காலையும் ஒன்றாகக் கட்டி, அங்கிருந்து ஒரே ஒரு ரெசிஸ்டர் கீழே. இரண்டாம் வருஷப் பரீட்சையில் எல்லாரும் மனப்பாடம் பண்ணி எழுதிவிட்டு மறந்துபோன படம். ஐசிக்களின் வயிற்றுக்குள்ளேயே இருப்பது இதுதான். வெளியே யாரும் கட்டுவதில்லை.

காசி குனிந்து பார்த்தான். "ஏய், இது எங்க கடைத் தராசுல்ல. ரெண்டு தட்டு, நடுவுல ஒரே முள்ளு. ஒண்ணு ஏறுனா ஒண்ணு எறங்கும்."

"தராசுதான். ரெண்டு தட்டும் ஒரே எடையா இருக்கணும். இல்லாட்டி பொய் சொல்லும்."

"அத நான் பாத்துக்கிறேன்."

செல்வி பேனாவைக் கையில் எடுத்தாள். எதையும் தொடுவதற்கு முன்னால், பிளஸ் வரிசை எது என்று மீட்டரை வைத்து உறுதி செய்துகொண்டு, அதன் ஓரத்தில் 'வ' என்று எழுதினாள். எழுத்து கோணலாக விழுந்தது. முனீஸ் எழுதியதும் ஒன்றும் நேராக இருந்ததில்லை.

காசி டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாக மீட்டரில் மாட்டி அளந்து, ஒரே மாதிரி காட்டிய இரண்டைப் பொறுக்கினான். மூட்டை போல்ட்டிலிருந்து ஜோடி சேர்க்கிற வேகம் அவன் விரலில் இருந்தது. குத்தி, சப்ளை போட்டார்கள். மோட்டார் சுற்றியது. ஆனால் ஒரே சீராக இல்லை. கொஞ்ச நேரம் ஓடிவிட்டு மூச்சு வாங்கியது, மறுபடி பாய்ந்தது. ஒரு டிரான்சிஸ்டர் மேலே ஓடும் மின்விசிறிக் காற்றில் குளிர்ந்தது, மற்றது குளிரவில்லை என்று செல்வி கண்டுபிடித்தாள். இரண்டையும் முகத்தோடு முகம் ஒட்டவைத்தாள். கட்டுவதற்குப் பெட்டியில் ஒன்றும் இல்லை. துப்பட்டா ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிச் சுற்றினாள்.

கண்காணிக்க நின்ற பெண் பக்கத்தில் வந்து, வெளிச்சாமான் கொண்டுவரக் கூடாதே என்றாள்.

"நூலுதாங்க்கா" என்றான் காசி. "துப்பட்டாவ வாசல்ல வாங்கி வைக்கலையே, இது அதுல உள்ளதுதான்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்தாள். இப்போது மோட்டார் மூச்சு வாங்கவில்லை. செல்வி கட்டைவிரலால் சக்கரத்தை அழுத்தினாள். ஒரு திணறல், உடனே பழைய வேகம். விரலை எடுத்தாள். கொஞ்சம் துள்ளிவிட்டு அடங்கியது.

அதற்கப்புறம் அவள் செய்த காரியம் காசிக்கு அப்போது விளங்கவில்லை. சாமான் வந்த கறுப்பு அட்டைப் பெட்டியின் மூடியைக் கிழித்து, ஒளியைப் பார்க்கிற கண்ணின் மேல் குல்லாய் மாதிரி மடித்து வைத்தாள். வெயில் வரும், வெயிலிலும் இந்தக் கண் பார்க்கிற ஒளிதான் இருக்கிறது, கண் கூசிவிட்டால் ஓட்டையும் தெரியாது ஒன்றும் தெரியாது என்றாள். பிறகு பக்கத்து மேஜைப் பையன்களைப் பார்த்தாள். அவர்கள் சக்கரத்தின் பக்கத்தில் இருந்த கண் மூடியில்லாமல் இருந்தது. சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை.

"மேக்கால ஜன்னல் இருக்குல்ல, வெயிலு அப்படியே உள்ள விழும். சென்சாருக்கு ஒரு மூடி போட்டுக்கங்க."

ஒருவன் மரியாதையாகவே கேட்டான். "மேக்கால... எந்தப் பக்கங்க அது?"

காசி சிரிப்பு தாங்காமல் மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டான். பையன் ஜன்னலைப் பார்த்தான். அங்கே நிழல்தான் இருந்தது. நன்றி சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கத் திரும்பினான்.

பெல்லுக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. இவர்கள் சாமான் ஓடிக்கொண்டிருந்தது. காசி பார்த்துக்கொண்டே இருந்தான். விரலை எடுக்கும்போது மோட்டார் துள்ளுகிற அந்தச் சின்னத் துள்ளல் அவனை உறுத்தியது.

"செல்வி, அந்தக் கப்பாசிட்டர மட்டும் மாத்துனா துள்ளாது. டக்குனு பிடுங்கிட்டு டக்குனு..."

அவன் கை போர்டுக்கு மேலே வந்தது.

"கைய எடு காசி."

"ஒரு நிமிசம் போதும்லா."

"ஓடுது. விட்ரு."

அவள் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் போன வருஷம் இதே நேரத்தில் இதே மாதிரி நீண்ட இன்னொரு கை இருவர் நினைவுக்கும் ஒரே சமயத்தில் வந்தது. காசி கையை மெதுவாக இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். இருவரும் கையைக் கட்டிக்கொண்டு, அடுப்பில் பால் வைத்துவிட்டுக் காவல் இருப்பவர்கள் மாதிரி மோட்டாரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போதுதான் வெயில் வந்தது. முதலில் ஜன்னலோர மேஜை, பிறகு அடுத்தது என்று மஞ்சளாகத் தரையில் நீண்டு மேலே ஏறியது. ஹாலில் ஒவ்வொரு மேஜையாகச் சத்தம் மாறியது. சீராக ஓடிய மோட்டார்கள் திடீரென்று வெறி பிடித்ததுபோல் அலறின, சில நின்றுபோயின. என்ன ஆனது என்று தெரியாமல் பையன்களும் பெண்களும் கம்பி கம்பியாகத் தட்டிப் பார்த்தார்கள். பக்கத்து மேஜைப் பையன் செல்வியைத் திரும்பிப் பார்த்தான். அவள் தன் சென்சார் மேல் இருந்த குல்லாயைத் தொட்டுக் காட்டினாள். அவன் தன் பெட்டி மூடியை எடுத்து அவசரமாகச் சென்சாரின் மேல் கவிழ்த்தான். அவனுடைய மோட்டாரும் அடங்கியது.

பெல் அடித்தது. எல்லாக் கைகளும் மேலே போயின.

செல்வியின் மேஜை முழுக்க வெயில். நடுவில் அந்தச் சின்ன மோட்டார், கோடைக் காற்றில் பனையோலை இரைவது மாதிரி ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. காசி உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். செல்வி எங்கும் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள்.

நடுவர்கள் வந்தார்கள். தலைமை நடுவர் நரைத்த மனிதர், பெரிய கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கம்பளித் துண்டால் சக்கரத்தை அழுத்தினார். கையிலிருந்த வேகம் அளக்கும் கருவியில் எண் ஒருமுறை அசைந்து பழைய இடத்துக்கே வந்தது. இன்னும் அழுத்தினார். வந்தது. விட்டார். துள்ளல் இருந்தது; அதை அவர் குறித்துக்கொண்டார். பிறகு குனிந்து போர்டைப் பார்த்தார்.

"ஐசி எங்கம்மா?"

எரிந்த ஐசியைச் செல்வி மேஜையின் ஓரத்தில் தனியாக வைத்திருந்தாள். அதைக் காட்டி, நடந்ததை அப்படியே சொன்னாள். அவர் நூல் சுற்றிய இரண்டு டிரான்சிஸ்டர்களைப் பார்த்தார். கூட வந்த இளைய நடுவரைக் கூப்பிட்டு அவருக்கும் காட்டினார். இதை யாராவது கையால் கட்டிப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது என்று அவரிடம் சொன்னார். பிறகு பேனா முனையால் போர்டின் ஓரத்தைத் தொட்டார்.

"இது என்ன, 'வ'?"

"வடக்கு சார்."

அவர் ஜன்னலையும் வெயிலையும் பார்த்துக் கணக்குப் போட்டார். "வடக்கு அந்தப் பக்கமில்ல இருக்கு?"

"பூமிக்கு அந்தப் பக்கம் சார். இந்தப் போர்டுக்கு இதுதான்."

அவர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தலையசைத்து, பேப்பரில் நிறைய எழுதினார். கோடு எதுவும் கிழிக்கவில்லை.

முடிவை அறிவித்தபோது மூன்றாவது பரிசுக்கும் இரண்டாவது பரிசுக்கும் காசி கையைத் தட்டினான். இரண்டாவது பரிசு பக்கத்து மேஜைப் பையன்களுக்கு. அடுத்து முதல் பரிசுக்கு அருப்புக்கோட்டை என்ற ஊர்ப் பெயர் ஒலிபெருக்கியில் வந்ததும் அவன் தட்டிய கையை அப்படியே நிறுத்திவிட்டான். செல்விதான் அவன் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள். மேடையில் கேடயத்தை இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். பின்வரிசையிலிருந்து கோகிலாம்பாள் மேடம் வாயில் இரண்டு விரலை வைத்து விசில் அடித்தார். அவருக்கு அது தெரியும் என்று கல்லூரியில் யாருக்கும் அதுவரை தெரியாது. இறங்கி வரும்போது பக்கத்து மேஜைப் பையன் வழிமறித்துக் கை கொடுத்தான். "மேக்கு எதுன்னு இப்பத் தெரிஞ்சு போச்சுங்க" என்றான்.

முதல் பரிசு பெற்ற சாமானைப் போட்டோ எடுக்க வேண்டும், அணைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். வாசலில் பையை வாங்கிக்கொண்டு வந்த காசி, முனீஸின் போர்டை எடுத்து ஓடிக்கொண்டிருக்கும் போர்டின் பக்கத்தில் வைத்தான். மூன்றாவது நாற்காலிக்கு நேராக. இரண்டு 'வ'வும் ஒரே பக்கம் பார்க்கும்படி செல்வி அதைக் கொஞ்சம் திருப்பினாள்.

அப்புறம் போனை எடுத்தாள். முத்துத்தாய்க்குச் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. போட்டி, கேடயம் என்றால் அவருக்கு என்ன விளங்கும் என்று யோசித்துக்கொண்டே நம்பரை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"அம்மா, நான் செல்வி. மதுரையிலருந்து பேசுறேன். இன்னைக்கு இங்க..."

"தெரியும் தாயி. அவன் கடைசி வரைக்கும் இதே பேச்சாத்தான இருந்தான். பெல்லு அடிக்கும்போது ஓடுச்சா?"

செல்வி மேஜையைப் பார்த்தாள்.

"ஓடுச்சும்மா" என்றாள். "இன்னும் ஓடுது. இருங்க, கேளுங்க."

போனை மோட்டார் பக்கத்தில் பிடித்தாள்.